சுந்தரத்தின் ரிவால்வரில் ஆறாவது தோட்டா

ஒரே ஒரு பக்கம் போதும் என்றுதான் தினேஷ் கேட்டார். மூன்று வாரம் ஆகிறது. நான் எழுதிக் கிழித்த தாள்கள் எல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. "இன்னாத்துக்கு இப்டி வூட்டுக்கும் கேட்டுக்கும் நடந்துகினே கீற? எழுதறதுன்னா உக்காந்து எழுது. இல்லாட்டி முடியாதுன்னு போன்ல சொல்லிடு" என்கிறாள் என் மனைவி. அவள் சொல்வதில் தப்பே இல்லை. உட்கார முடியவில்லை, அதுதான் சங்கதி.

தினேஷ் எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பின் இப்போதைய செயலாளர். அரியாங்குப்பத்தில் வீடு, திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் என்ஜினியர். வேலைக்குப் போகிற வழியில் வில்லியனூரைத் தாண்டி இருக்கிற எங்கள் ரேஞ்சை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார். நான் அந்த ரேஞ்சில் துப்பாக்கிகளைத் துடைத்து, பழுது பார்த்து, சுட வருகிறவர்களைக் கவனித்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

"அண்ணே, கிளப்புக்கு ஒரு ரிவால்வர் வாங்கலாம்னு இருக்கோம். பாயின்ட் டூ டூ, சின்ன குண்டு போடறது. போட்டிக்கெல்லாம் இல்ல, சும்மா ஞாயித்துக்கெழமை வந்து டப்பா, அட்டைன்னு சுடறவங்களுக்குத்தான். ரெண்டு வந்திருக்குது. ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. எது தேவலாம்னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்தீங்கன்னா கமிட்டில படிச்சிடுவேன்" என்றார்.

"அதுக்கு இன்னாப்பா, நாளைக்கே தர்றேன்" என்றேன். என் வாய்க்கொழுப்பு.

போனில் இரண்டு படங்களை அனுப்பினார். புதியதைப் பார்த்தேன். பிறகு பழையதைப் பார்த்தேன். மரப் பிடியின் அடிமூலையில் அரிசி அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அது ஜவுளிக்கடை சுந்தரத்தின் ரிவால்வர். அவர் போன வருஷம் காலமானார். மகன்களுக்கு இதில் நாட்டமில்லாமல் விற்கிறார்கள். அந்தச் சில்லு எப்படிப் பெயர்ந்தது என்று முழுசாகத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். சுந்தரம் போய்விட்டார். மீதி நானும் உரக்கடை வேலாயுதமும்.

தெரிந்திருக்க வேண்டிய நான்காவது ஆளுக்கு நாங்கள் சொல்லவில்லை. அவர் லூர்து மேடம்.

முதலில் என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மில்லில் ஃபிட்டராக இருந்தேன். மில் மூடியபோது எனக்கு முப்பத்தாறு வயது, இரண்டு பெண் குழந்தைகள். ஒரு வருஷம் வேலையில்லாமல் அலைந்தேன். அப்போதுதான் கிளப்பில் ஆள் தேடினார்கள். துப்பாக்கியும் ஒரு மெஷின்தானே என்று போய் நின்றேன். அரக்கோணத்தில் துப்பாக்கி பழுது பார்க்கிற ஒரு பழைய ஆர்மரரிடம் மூன்று மாதம் கற்றுக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான் என் படிப்பு.

வேலை தெரிந்தது. ஆனால் வேலையின் ஒழுங்கு லூர்து மேடத்திடம்தான் வந்தது. அவர் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், என்.சி.சி. பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு கிளப்புக்கு ரேஞ்ச் ஆபீசராக வந்தார். பாகூர் பக்கத்து ஊர்க்காரர். அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டவர்கள் என்று அவரே சொல்வார். காட்டன் புடவை, வெள்ளை கான்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். சத்தம் போட மாட்டார். சுடுகிறவருடைய வலது தோளுக்குப் பின்னால் ஒரு எட்டு தள்ளி நிற்பார். ஏதாவது தப்பாக நடந்தால் "வெச்சிடுங்க" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு லட்சாதிபதிகள் எல்லாம் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கை கட்டி நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அவருடைய சட்டங்கள் சில கேட்கச் சிரிப்பாக இருக்கும். சுடும் மேடைக்கு வருமுன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துவிட வேண்டும். அதற்கென்று தூணில் வரிசையாக ஆணி அடித்து வைத்திருந்தார். ரிஜிஸ்டரில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சரியானது. கையெழுத்து, அன்றைய தேதி. "கீழ இருக்கற தப்பும் படிக்கத் தெரியணும், முருகையன்" என்று என்னிடம் சொல்வார்.

முக்கியமான சட்டம் சுந்தரத்தின் ரிவால்வருக்கு. அது பழைய மாதிரி. ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் பின்முனையிலிருக்கும் சுத்தியைப் பின்னுக்கு இழுத்தால்தான் சுடும். பக்கத்தில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்து உருளையைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு தோட்டாவாக நுழைக்க வேண்டும். உருளையில் ஆறு அறைகள். ஆனால் சுத்தியின் முனை நேராகத் தோட்டாவின் முதுகில் போய் உட்கார்ந்துவிடும். நடுவில் தடுப்பு ஒன்றும் கிடையாது. துப்பாக்கி கைதவறிச் சுத்தி தரையில் மோதினால் தானாகவே வெடித்துவிடும். அதனால் ஆறு அறை இருந்தாலும் ஐந்துதான் போட வேண்டும். சுத்தி உட்காரும் அறை காலியாக இருக்க வேண்டும்.

மேடம் அதற்கு ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார். ஒன்று போடு, ஒன்று விடு, நான்கு போடு. இப்படிப் போட்டுவிட்டுச் சுத்தியை முழுக்க இழுத்து மெதுவாக இறக்கினால் காலி அறை தானாகச் சுத்திக்கு நேரே வந்துவிடும். சுடுகிறவர் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட வேண்டும். எத்தனை பெரிய மனிதரானாலும் சின்ன வகுப்புப் பிள்ளை போல ஒப்பித்தாக வேண்டும்.

வேலாயுதத்தின் ரிவால்வர் புது மாதிரி, தினேஷ் படம் அனுப்பிய புதியதைப் போன்றது. உருளை இடது பக்கமாகத் திறந்துகொள்ளும். ஒரு தட்டு தட்டினால் வெற்றுக் கூடுகள் மொத்தமும் கொட்டிவிடும். சுத்திக்கும் தோட்டாவுக்கும் நடுவில் ஒரு தடுப்பு உண்டு. டிரிகரை முழுக்க அழுத்தினால்தான் அது விலகும். அதில் தாராளமாக ஆறும் போடலாம். ஆனால் டிரிகர் கனம். அழுத்தி முடிப்பதற்குள் கை ஆடிவிடும்.

இரண்டு கடையும் வில்லியனூர் கடைத்தெருவில் எதிரெதிரே. இருவருக்கும் சின்ன வயதிலிருந்து சிநேகிதம், அதே அளவுக்குப் போட்டி. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பதினைந்து மீட்டரில் பால் பவுடர் டப்பாவை வரிசையாக வைத்துச் சுடுவார்கள். சுந்தரம் ஐந்துக்கு ஐந்தும் அடித்துவிட்டுத் திரும்பி மீசையைத் தடவுவார். வேலாயுதம் ஆறில் நாலு அடித்துவிட்டு, "நாலுன்னா நாலுதான். ஆனா எங்கிட்ட ஆறு கீதுல்ல" என்பார். எது உசத்தி என்று என்னைத்தான் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேடம் இல்லை. நெட்டப்பாக்கத்தில் உறவுக்காரக் குழந்தைக்கு ஞானஸ்நானம். முதல் நாளே என்னிடம், "ஒரு நாள்தானே. நீங்க இருக்கீங்களே, முருகையன்" என்று விசிலைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு இருவரும் பிரியாணிக்குப் பந்தயம் கட்டிக்கொண்டு வந்தார்கள். சுந்தரத்துக்குத் தீராத ஆதங்கம் ஒன்று இருந்தது. "யோவ் முருகையா, அவனுக்கு ஆறு, எனக்கு அஞ்சா? ஒரு குண்டு கொறச்சலா வெச்சிக்கினு எப்டிய்யா பந்தயம்?"

"மேடம் ரூல், முதலாளி."

"மேடம் எங்க கீறாங்க இப்ப?"

வேலாயுதமும் சேர்ந்துகொண்டார். "ஆறே போடச் சொல்லுப்பா. இல்லாட்டி நான் ஜெயிச்சாக்கூட, அஞ்சு குண்டுலதான் தோத்தேன்னு ஊரு பூரா சொல்லிக்கினு திரிவான் இவன்."

எனக்கும் ஆசை. இதை எழுதும்போதுதான் கை நின்று நின்று போகிறது. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு துப்பாக்கியையும் சரிசமமாக வைத்து ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று வருஷக்கணக்காக மனசில் இருந்தது. "சரி, ஒரே ஒரு சுத்து" என்றேன். சுந்தரம் தன் சொந்தப் பெட்டியிலிருந்து ஆறாவது தோட்டாவை எடுத்துப் போட்டார். வாய்ப்பாட்டை யாரும் சொல்லவில்லை. துண்டு அவர் தோளிலேயே கிடந்தது. அதையும் பார்த்தேன். சும்மா இருந்தேன்.

துப்பாக்கியை மேடையில் வைத்துவிட்டுத் துண்டை இழுத்து முகத்தைத் துடைத்தார். துண்டின் நுனி பிடியில் சிக்கிக்கொண்டது. துப்பாக்கி மேடை விளிம்பில் சரிந்து, சுத்தியும் பிடியின் மூலையும் சிமென்ட் தரையில் மோத விழுந்தது. பிடியிலிருந்து ஒரு சில்லு தெறித்தது. சத்தம் சின்னதுதான், அதிலும் பாயின்ட் டூ டூ. வேலாயுதம் "அட" என்றார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே வேட்டி சிவந்துகொண்டு வந்தது.

விசில் ஊதினேன். துப்பாக்கியை எடுத்து உருளையிலிருந்த மிச்சத் தோட்டாக்களை எடுத்துச் சுந்தரத்தின் பெட்டியிலேயே போட்டேன். ஆபத்தை முதலில் நீக்கு என்பது முறை, அதைத்தான் செய்தேன். ஆனால் அந்தக் கையோடு எத்தனை தோட்டாக்கள் இருந்தன என்பதற்கான சாட்சியும் போய்விட்டது. காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனோம். குண்டை எடுத்தார்கள். எலும்பில் பட்டிருந்ததால் வேலாயுதம் இன்றுவரை காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார்.

மேடம் விழா வீட்டிலிருந்து நேராக ரேஞ்சுக்கு வந்துவிட்டார். பட்டுப் புடவையில் அவரை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வந்ததும் ரிஜிஸ்டரைத் திறந்தார். சுந்தரத்தின் வரிசையில் தோட்டா எண்ணிக்கைக்கு நேரே ஐந்து என்று இருந்தது. அது நான் காலையில் எழுதியது. எப்போதும் ஐந்துதானே என்று, அவர்கள் வருமுன்பே அந்தக் கட்டத்தை நிரப்பி வைப்பது என் பழக்கம்.

"அஞ்சுதானே போட்டீங்க?" என்றார்.

மில் மூடிய வருஷம் கண்முன் வந்தது. பெரியவளுக்கு அப்போதுதான் காலேஜ் சீட்டு கிடைத்திருந்தது.

"அஞ்சுதான் மேடம்."

"காலி அறை சுத்திக்கு நேரா இருந்துச்சா? நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம்."

சுந்தரம் லைசென்ஸ் போய்விடும் என்ற பயத்தில் தலையாட்டினார். பிறகு ஆஸ்பத்திரிப் படுக்கையில் வேலாயுதமும் "நான் கவனிக்கலம்மா" என்று சொல்லிவிட்டார். சிநேகிதனைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசில்லை. போலீசிலும் மூன்று பேரும் அதையேதான் சொன்னோம். விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

மேடம் நான்கு நாள் அந்தத் துப்பாக்கியையே யோசித்துக்கொண்டிருந்தார். ஒரு தாளில் உருளையை வரைந்து வைத்துக்கொண்டு கேட்டார். "காலி அறையில சுத்தி இருந்தா வெடிக்க வழியே இல்ல, முருகையன். விழுந்த வேகத்துல உருளை திரும்பியிருக்குமோ? அப்படித்தான் இருக்கணும். அப்ப என் சட்டமே பத்தாது. இத்தனை வருஷமா அது போதும்னு சொல்லிக் குடுத்திருக்கேன்." நான் எண்ணெய்த் துணியால் எதையோ துடைத்துக்கொண்டே நின்றேன்.

ஐந்தாம் நாள் கமிட்டிக்கு இரண்டு வரிக் கடிதம் கொடுத்தார். சட்டம் என்னுடையது, பொறுப்பும் என்னுடையது என்று. விசிலை என் மேஜையில் வைத்துவிட்டுப் பாகூர் பஸ் ஏறிவிட்டார். பதினோரு வருஷம் ஆகிறது. வேலை எனக்கு மிஞ்சியது. மாலை போட்டுத்தான் என்னை ஓய்வுக்கு அனுப்பினார்கள். அந்த மாலையை வீட்டுக்குக் கொண்டு போகவில்லை.

இதை இப்படியே என்னோடு கொண்டு போயிருப்பேன். அவ்வளவு நல்லவன் இல்லை நான். போன வாரம் தினேஷ் மறுபடி பேசினார். "அண்ணே, ஒரு சந்தேகம். பழைய மாடல்ல அஞ்சு போட்டாக்கூட கீழ விழுந்தா வெடிச்சிடுமாமே? நம்ம கிளப்லயே ஆச்சாமே. ஏதோ ஒரு அம்மா தப்பா சொல்லிக் குடுத்து, அதுல ஒருத்தருக்கு கால் போச்சாமே?"

ஏதோ ஒரு அம்மா!

போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக உரக்கடைக்குப் போனேன். வேலாயுதம் பில் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

"குண்டு பட்டது எனக்கு. நானே கம்முனு கீறேன். உனக்கு இன்னாய்யா வந்துச்சு?"

"அந்தம்மா தப்பா சொல்லிக் குடுத்தாங்கன்னு பேசறாங்க முதலாளி."

"சுந்தரம் செத்துட்டான். செத்தவன் பேர இழுத்து வுடணுமா?"

"இழுக்கப் போறது என் பேரு."

அவர் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "நாம மூணு ஆம்பளைங்க, பழி மட்டும் அந்தம்மாவுக்கு" என்றார் கடைசியில். "போய் சொல்லு. எங்கிட்ட கேட்டா நானும் ஆமான்னு சொல்றேன்."

மறுநாள் காலை பாகூர் போனேன். மேடம் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. காலில் அதே வெள்ளை ஷூ. உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். ஆறு போட்டோம் மேடம், நான்தான் சரி என்றேன், ரிஜிஸ்டரில் இருந்தது காலையிலேயே எழுதியது, உங்களிடம் பொய் சொன்னேன். இவ்வளவுதான் செய்தி. பதினோரு வருஷம் சுமந்தது அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அவர் கீரையை ஆய்வதை நிறுத்தவில்லை. ஒரு கொத்து முழுக்க உருவி முடித்தார்.

"நான் உருளையை வரைஞ்சுகிட்டு உக்காந்திருந்தப்ப பக்கத்துலதானே நின்னீங்க?"

"ஆமா மேடம்."

"அதுக்கப்புறம் நான் ஒரு பிள்ளைக்குக்கூட எதையும் சொல்லிக் குடுக்கல, தெரியுமா? ஸ்கூல்ல கூப்பிட்டாங்க. கேம்ப்புக்குக் கூப்பிட்டாங்க. சொல்லிக் குடுத்ததுல வேற எதுவெல்லாம் தப்போன்னு பயம்." குரல் ஏறவே இல்லை. "எங்கிட்ட வந்து வாயால சொல்லி என்ன பிரயோஜனம்? எங்க எழுதினீங்களோ அங்க திருத்துங்க."

அன்று மாலையே தினேஷைப் பிடித்துப் பழைய ரிஜிஸ்டர்கள் இருக்கும் பீரோவைத் திறக்கச் சொன்னேன். முழுசும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "அண்ணே, பழைய ரெக்கார்டுல கை வெக்கலாமா? கமிட்டி இன்னா சொல்லும்?" என்றார்.

"அழிக்கல தம்பி. கீழ இருக்கற தப்பும் படிக்கத் தெரியும். கமிட்டி கேட்டா என்னைக் கூப்பிடு. போலீஸ் கேட்டாலும் என்னையே கூப்பிடு."

ஐந்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் ஆறு. கையெழுத்து. இன்றைய தேதி. ஆறு கோணிக்கொண்டு விழுந்தது. தினேஷ் தன் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்.

மறுபடி பாகூர். மேடம் போனை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். கோடு போட்ட ஐந்தைப் பார்த்தார். ஆறைப் பார்த்தார். உதடு அசைந்தது. ஒன்று போடு, ஒன்று விடு, நான்கு போடு என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

"அப்ப அஞ்சு சரிதான்" என்றார்.

"சரிதான் மேடம். எப்பவுமே சரிதான்."

கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் வெகுநேரம் துடைத்தார். "மன்னிச்சிட்டேன்னு நான் சொல்லப் போறதில்ல, முருகையன். அதுக்கு வந்திருந்தா கிளம்பலாம்."

"அதுக்கு வரல மேடம். ஒரு பக்கம் எழுதணும். அதுல ஒண்ணு கேக்க வந்தேன்."

கேட்டேன். அவர் எழுந்து உள்ளே போனார்.

ஆக, தினேஷ், நீங்கள் கேட்ட ஒரு பக்கம் இதுதான். பழையது நன்றாகச் சுடும். கையில் உட்காரும், டிரிகர் லேசு, பதினைந்து மீட்டரில் டப்பா தப்பாது. புதியது அவ்வளவு சுடாது. ஆனால் சட்டத்தை மறந்தவனையும் மன்னிக்கும். நம் கிளப்பில் என்னைப் போன்ற ஆட்கள் இருக்கும்வரை புதியதையே வாங்குங்கள். பழையதன் மேல்தான் ஆசை என்றால், சொல்லிக் கொடுக்க லூர்து மேடம் வருவதானால் மட்டும் வாங்குங்கள். பாகூரில் அவரிடம் நான் கேட்டது அதைத்தான்.

வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. நான் வண்டியைக் கிளப்பும்போது வாசலுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சை இப்போது எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று கேட்டார்.